போன்சாய் வாடினால்: இலையும் மண்ணும் வேரும் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

"மாமா, இலை மஞ்சளாகுது. என்ன மருந்து அடிக்கலாம்?"

நான் போன்சாய் வளர்ப்பது தெரிந்த நாளிலிருந்து கல்யாணப் பந்தியில்கூட யாராவது போனை நீட்டி இதைக் கேட்கிறார்கள். படத்தில் நாலு மஞ்சள் இலை இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாத்தியாம்மா?" முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் வேப்பெண்ணெய், எப்சம் உப்பு, முட்டை ஓடு, பஞ்சகவ்யம் என்று நாலையும் போட்டு முடித்திருப்பார்கள்.

இங்கே எழுதியிருப்பதெல்லாம் என் மொட்டை மாடியில் நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டவை. சென்னை மாதிரி சமவெளி வெயிலில் வளரும் ஃபைக்கஸ் வகைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்: இத்தி, ஆல், அரசு, கடையில் 'ஜின்செங்' என்று விற்கும் பருத்த வேர் மரம், சின்ன இலை 'லாங் ஐலண்ட்'. நம் ஊரில் முதல் போன்சாய் வாங்குகிறவர் கையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். காகிதப்பூ, அடினியம், ஜூனிபர் பற்றி வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

எதையும் செய்வதற்கு முன்

மூன்று சோதனை. மூன்றும் சேர்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஒன்று, ஈரம். மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியை, கபாப் குச்சி போதும், சட்டியின் அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். எந்த ஆழம் வரை நிறம் கறுத்திருக்கிறதோ அதுவரை ஈரம்.

இரண்டு, உயிர். சந்தேகப்படும் கிளையில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. இன்னும் கீழே கீறிப் பாருங்கள்.

மூன்று, சட்டியின் ஓட்டை. சட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டையே இல்லாத பீங்கான் சட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுத்த மரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போகிறதா, வழிந்து ஓடுகிறதா என்றே தெரியாது. வீட்டுக்கு வந்த அன்றே அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி: போன இரண்டு வாரத்தில் என்ன மாறியது? இடமா, மண்ணா, தண்ணீர் ஊற்றும் ஆளா? பாதிப் பிரச்சினைக்கு விடை அதிலேயே இருக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று முதலில் பாருங்கள்.

கிளையின் அடியில், உள்பக்கம் இருக்கும் பழைய இலை இரண்டு மூன்று மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, நுனியில் புதுத் துளிர் நன்றாக வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். இலைக்கும் வயதாகும். வெயில் படாத உள் இலையை மரமே கழற்றிவிடும்.

பழைய இலைகள் மொத்தமாக, ஒரே சீராக வெளிறி மஞ்சளாகின்றன, புதுத் துளிரும் சிறுத்து வருகிறது, மண் சரியாகத்தான் காய்ந்து நனைகிறது என்றால் அது பசி, அதாவது தழைச்சத்துக் குறைவு. போன்சாய் மண்ணில் மணலும் செங்கல் துண்டுமே அதிகம், சத்துத் தங்காது. ஊற்றும் தண்ணீரோடு கீழே போய்விடும். அதனால் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். பஞ்சகவ்யம் என்றால் வயலுக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மில்லி. நான் அதில் பாதிதான் விடுகிறேன். உரத்தைக் காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள், வேர் கருகும். முந்தின நாளே மண்ணை நனைத்து வையுங்கள்.

புது இலை மஞ்சளாக வருகிறது, ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக, வலை போட்ட மாதிரி தெரிகிறது. இதுதான் நகரத்தில் அதிகம், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதால் மட்டும் இது வருவதில்லை. போர்த் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணும் காரமாகி, இருக்கிற இரும்பையே வேர் எடுக்க முடியாமல் போகிறது. சட்டி விளிம்பிலும் மரத்தின் அடியிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உறுதி. துருப்பிடித்த ஆணியை மண்ணில் புதைக்கச் சொல்வார்கள். காரமான மண்ணில் அந்தத் துருவும் அப்படியே கிடக்கும், வேருக்கு ஏறாது. கடையில் இரும்புக் கீலேட், அதாவது வேர் எடுக்கும்படி கரைந்தே நிற்கும் இரும்பு, என்று கேட்டால் இரண்டு வகை கொடுப்பார்கள்: இ.டி.டி.ஏ. (EDTA), இ.டி.டி.எச்.ஏ. (EDDHA). பெயரில் ஒரு எழுத்துத்தான் கூட. ஆனால் காரமான மண்ணில் முதலாவது சீக்கிரமே செயலிழந்துவிடும், இரண்டாவதுதான் நிற்கும். தண்ணீரில் கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். மஞ்சளான இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு தண்ணீரை மாற்றுவதுதான். எங்கள் போர்த் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். மழைக்காலத்தில் இரண்டு டிரம்மில் மழைநீர் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இல்லை, கலந்து ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் "வீணாகப் போகுதே" என்று ஊற்றிவிடாதீர்கள். அதில் உப்பு இன்னும் கெட்டியாகச் சேர்ந்திருக்கும். மழைநீருக்கு வழியில்லாதவர்கள் மாதம் ஒருமுறை அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றிப் படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது மெக்னீசியம் குறைவு. எல்லாரும் சொல்லும் எப்சம் உப்பு வேலை செய்வது இந்த ஒரு இடத்தில்தான்: லிட்டருக்கு அரை டீஸ்பூன், மாதம் ஒருமுறை. புது இலை மஞ்சளுக்கு அதைப் போட்டு, அது கேட்கவில்லை என்று இன்னும் போட்டு, கடைசியில் உப்பாலேயே வேரைக் கெடுத்தவர்கள் உண்டு.

கடைசி வகை: பழசு புதுசு என்ற கணக்கில்லாமல் எங்கும் மஞ்சள், இலை தொட்டால் தொளதொள என்று இருக்கிறது, குச்சி அடிவரை ஈரமாக வருகிறது. இதற்கு உரம் எதுவும் கொடுக்காதீர்கள். நேரே வேர் அழுகல் பகுதிக்குப் போங்கள்.

பச்சை இலையாகவே கொட்டுகிறது

நர்சரியில் செழிப்பாக இருந்த மரம், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தரையெல்லாம் இலை. இதற்குப் பயப்பட வேண்டாம். ஃபைக்கஸுக்கு, அதிலும் சின்ன இலை வகைகளுக்கு, இடம் மாறினால் இலையை உதிர்ப்பது பழக்கம். வெளிச்சம் குறைந்தால் பழைய இலையைக் கழற்றிவிட்டுப் புது வெளிச்சத்துக்கு ஏற்ற இலையை விடும். இந்த நேரத்தில் பதறிப்போய் வரவேற்பறை, பால்கனி, மாடி என்று மாற்றி மாற்றி வைப்பதுதான் அதற்குப் பெரிய தொல்லை. நல்ல வெளிச்சமான ஒரே இடத்தில் விட்டுவிட்டு நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை இருந்தால் மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு விடும். இலை இல்லாத மரம் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏசி காற்று நேரே படும் இடம், அடுப்படி ஜன்னல் இரண்டும் வேண்டாம். அரச மரம் வைத்திருப்பவர்கள் மாசி பங்குனியில் இலை மொத்தமும் கொட்டினால் தெருவில் நிற்கும் பெரிய அரசமரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் மொட்டையாக நின்றால் இது இயற்கை. சில நாளில் செம்புநிறத் துளிர் வரும்.

ஓரம் கருகுகிறது, ஊற்றிய தண்ணீர் உடனே வெளியே வருகிறது

சித்திரை, வைகாசியின் வழக்கமான புகார். "தினம் ஊத்துறேன், அப்படியும் காயுது." உண்மைதான், ஊற்றுகிறார்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. சட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்திருக்கும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கி ஓட்டையில் வெளியே வந்துவிடும். வேர் இருக்கும் நடுக் கட்டி காய்ந்தபடியே கிடக்கும்.

ஒரு வாளியில் சட்டியை விளிம்புவரை முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம். எடுத்து வடியவிட்டு நிழலில் வையுங்கள். மறுநாளிலிருந்து ஊற்றும்போது ஒரு சுற்று ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. முதல் சுற்று மண்ணை இளக்கும், இரண்டாவதுதான் உள்ளே போகும்.

இலை நடுவில் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆனால் அது தாகம் இல்லை, வெயில் சுட்டது. வீட்டுக்குள் இருந்த மரத்தை நேரே மாடி வெயிலில் வைத்திருப்பீர்கள். ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கோடையில் 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை போதும். சட்டியைத் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மதியம் வெறுங்காலோடு மாடியில் நடக்க நம்மால் முடிகிறதா? வேருக்கும் அதே சூடுதான்.

ஊருக்குப் போவதாக இருந்தால்: ஒரு பெரிய டப்பில் மணல் நிரப்பி, நன்றாக நனைத்து, சட்டியின் பாதி உயரம் புதையும்படி நிழலில் வைத்துவிடலாம். நாலைந்து நாள் தாங்கும். என் முதல் மரத்தை நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அன்பாகக் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று பன்னிரண்டு நாள் ஊற்றியிருக்கிறார். நடுவில் மழை வேறு. அதுதான் நான் முதன்முதலில் கண்ட வேர் அழுகல்.

மண் நாறுகிறது, அடிமரம் அமுங்குகிறது

ஐப்பசி, கார்த்திகையில் போகிற மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. வெயிலில் காய்வதைவிட மழையில் அழுகுவது ஆபத்து. காய்ந்தால் இலை உடனே சொல்லிவிடும். அழுகினால் இலை வாடும்போது பாதி வேர் போயிருக்கும். போதாக்குறைக்கு, அழுகிய வேர் தண்ணீர் எடுக்காததால் இலை தொங்கும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். குச்சியை விட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏன் தட்டையான சட்டியில் இது சீக்கிரம் வருகிறது? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் வடியும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறியது. மண்ணிலும் அப்படியே. எந்தச் சட்டியிலும் அடியில் ஒரு பட்டை ஈரம் வடியாமல் நிற்கும். ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு ஓரம். இரண்டு அங்குல போன்சாய் தட்டில் அதுவே பாதி மண். அடியில் ஜல்லி பரப்பினால் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். மேலே நுண்ணிய மண் இருந்தால் ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். மண் முழுக்கவே பருமணியாக இருக்க வேண்டும்.

மழை விடாமல் பெய்யும் நாட்களில் என் முதல் வேலை, ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பக்கம் செங்கல் துண்டு முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைப்பது. ஸ்பாஞ்சை நிமிர்த்திய அதே கணக்கு. தேங்கியது கணிசமாக வடிந்துவிடும். காசில்லாத வைத்தியம்.

அழுகல் தொடங்கிவிட்டது என்றால் காலம் நேரம் பார்க்க வேண்டாம், அன்றே பிரியுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நுனி வெளுத்திருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். ஸ்பிரிட் தடவிய கத்தரிக்கோலால் கெட்டியான வெள்ளைப் பகுதி தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கைநடுக்கம் கூடாது. கொஞ்சம் கறுப்பை விட்டுவைத்தால் அது மறுபடி பரவும். பழைய மண் முழுவதையும் கழுவிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். இந்தக் கலவையில் தொழு உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தூவலாம், உரக்கடையில் பொடியாகக் கிடைக்கும். ஆனால் அது அழுகியதைத் திரும்பக் கொண்டுவராது.

சட்டியின் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மரத்தை அசையாமல் கட்டுவது முக்கியம். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் வேர்நுனி அறுந்துகொண்டே இருக்கும். பாதி வேர் போயிருந்தால் இலையிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறேன். எல்லா இலையையும் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். புது வேர் விட மரத்துக்குச் சாப்பாடு இலையிலிருந்துதானே வர வேண்டும், அதனால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிறகு தெளிந்த பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி நிழலில். புதுத் துளிர் நாலைந்து இலை விடும்வரை உரம் கிடையாது.

கலவைக்கு நான் எடுப்பது: சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மட்கிய இலைமக்கோ கோகோபீட்டோ ஒரு பங்கு. (அழுகலிலிருந்து மீளும் மரத்துக்கு இந்தக் கடைசிப் பங்கைப் பாதியாகக் குறைப்பேன்.) 3 முதல் 6 மில்லிமீட்டர் மணிதான் வேண்டும். சலிக்கும்போது கீழே விழும் தூளைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள், சந்தை அடைப்பது அதுதான். ஜப்பானியர்கள் பயன்படுத்தும் அகடாமா மண் இங்கே இறக்குமதி விலையில் வருகிறது. அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல மரம் வாங்கலாம்.

அழுகல் இல்லாமலே தண்ணீர் மேலேயே தேங்கி நின்றால் வேர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நம் வெயிலில் ஃபைக்கஸ் ஒன்றரை, இரண்டு வருடத்தில் சட்டியை நிரப்பிவிடும். மாசி மாதமோ ஆடி மழையின்போதோ எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் புது மண்ணில் வைக்கலாம். கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம். வேரை வெட்டுவது பாவம் என்று என் அம்மா இன்றுவரை சொல்கிறார். "சட்டிக்குள்ள எத்தன நாளுடா அது உயிரோட இருக்கும்?" வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெண்பைன் இருக்கிறது. 1625லிருந்து சட்டியில் வளர்வதாகக் கணக்கு. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஊருக்குள் ஒரு தோட்டச் சுவருக்குப் பின்னால் இருந்தது. 1976இல் பரிசாகப் போனது. அவ்வப்போது வேர் வெட்டி மண் மாற்றாமல் எந்தச் சட்டி மரமும் அத்தனை காலம் நிற்காது. அம்மாவிடம் சொன்னேன். "அது அந்த ஊர் மரம்" என்றார்.

இலை மடிந்து மூடிக்கொள்கிறது

இத்தி, ஜின்செங் இரண்டிலும் சென்னையில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. புது இலை நடுநரம்பில் மடிந்து பர்ஸ் மாதிரி மூடியிருக்கும். மேலே செம்பழுப்புப் புள்ளிகள். பிரித்துப் பாருங்கள்: மெல்லிய குட்டிக் கறுப்புப் பூச்சிகள், கூடவே வெளிர் மஞ்சள் குஞ்சுகள். இது ஃபைக்கஸுக்கென்றே இருக்கும் இலைப்பேன்.

மேலே எதை அடித்தாலும் மடிப்புக்குள் போகாது. மடிந்த இலை ஒவ்வொன்றையும் கையால் கிள்ளிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மக்குத் தொட்டியில் போட்டால் திரும்பி வரும். அடுத்த துளிர் விரியும் பருவத்தில் வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி, கலப்பதற்குச் சில சொட்டுச் சோப்புத் திரவம், மாலையில் மட்டும். மதிய வெயிலில் அடித்தால் எண்ணெயே இலையைச் சுடும்.

வெள்ளைப் பஞ்சு, எறும்பு, பிசுபிசுப்பு

மூன்றும் ஒரே கதை. மாவுப்பூச்சி சாறு குடித்து இனிப்பான கழிவை விடும். அதற்கு எறும்பு வரும். இலையில் அது படிந்த இடத்தில் கரும்பூசணம் வரும். எறும்பு மாவுப்பூச்சியை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் வைக்கும், எதிரிப் பூச்சிகளையும் விரட்டும். அதனால் எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் துடைத்தால் அடுத்த வாரம் திரும்பிவிடும். சட்டி வைத்திருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்தில் சோறு, பால் வைக்கும் அலமாரிக்குச் செய்தது அதுதான். பூச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த காது பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுங்கள். கிளை கவட்டில் ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

கிளையில் ஒட்டிய பழுப்புப் பொட்டு நகத்தால் நெம்பினால் வந்துவிட்டால் அது செதில் பூச்சி. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து வேப்பெண்ணெய் அடியுங்கள். இலை மங்கி, ஊசி குத்தியது போல வெள்ளைப் புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் சிலந்திப்பேன். வறண்ட கோடையில் வரும். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்து மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பெரும்பாலும் அடங்கும்.

இதெல்லாம் கேட்காமல் இமிடாகுளோபிரிட் மாதிரி உள்ளே ஊடுருவும் மருந்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்திலேயே கறிவேப்பிலை, துளசி, புதினா தொட்டி இருக்கிறதா? மரத்தைத் தூரமாக எடுத்துக்கொண்டு போய் அடியுங்கள்.

நீண்டு ஒல்லியாகப் போகிறது, இலை பெரிதாகிறது

வெளிச்சம் போதவில்லை. வரவேற்பறை டீப்பாய் மேல் போன்சாய் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது மரம். ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைத்தால் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம், மரத்துக்கு இருட்டு. ஃபைக்கஸுக்கு நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். விருந்தாளி வரும் அன்று உள்ளே வையுங்கள், மறுநாள் வெளியே.

வெயில் சரியானதும் கிள்ளத் தொடங்குங்கள். ஒரு துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு மூன்று இலையை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். பால் வடியும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படக்கூடாது. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் கிளம்பும். இலை சிறுப்பது இப்படி ஒரு வருடம் போனால்தான். எல்லா இலையையும் பறித்துச் சின்ன இலை வரவைக்கும் வித்தை இருக்கிறது, ஆனால் கொழுத்த ஆரோக்கியமான மரத்தில் மட்டும்தான். நோஞ்சான் மரத்தில் செய்தால் அதுதான் கடைசி. அரச மரத்தில் இலை எவ்வளவு சிறுத்தாலும் ஒரு அளவுக்கு மேல் போகாது. சன்ஷேடு வெடிப்பில் முளைத்த கன்றைப் பிடுங்கி வளர்க்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் முதல் மரத்துக்கு இத்திதான் நல்லது.

கம்பி சதைக்குள் இறங்கிவிட்டது

மழைக்காலத்தில் ஃபைக்கஸ் பருக்கும் வேகத்துக்கு, வடிவம் கொடுக்கக் கிளையில் சுற்றிய கம்பி ஒரு மாதத்தில் பதிந்துவிடும். சுற்றைப் பிரித்து எடுக்காதீர்கள், பட்டையும் கூடவே வரும். ஒவ்வொரு சுற்றாகக் கட்டரால் நறுக்கித் துண்டு துண்டாக எடுங்கள். ஒரு இடத்தில் முழுக்க மூடிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டை உள்ளேயே விட்டுவிடலாம். தழும்பு ஒன்றிரண்டு வருடத்தில் மங்கும். இனிமேல் கம்பி சுற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து, பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

சில்லறைப் புகார்கள்

மண்ணில் காளான்: ஒன்றும் செய்யாது, ஈரம் அதிகம் என்று மட்டும் சொல்கிறது. பாசி: அழகு, ஆனால் அடிமரத்தில் ஏறினால் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பறக்கும் குட்டிக் கறுப்புக் கொசு: மேல் மண்ணை இரண்டு நாள் காயவிடுங்கள். காகிதப்பூ பூக்கவில்லை: வெயில் குறைவு, தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்திப் பாருங்கள். அடினியத்தின் குண்டு அடிப்பகுதி மெத்தென்று அமுங்கினால் அழுகிய சதையை மொத்தமாகச் சீவி, வெட்டுக்காயம் நன்றாகக் காயும்வரை ஒரு வாரம் போல மண்ணில்லாமல் நிழலில் தொங்கவிட்டு அப்புறம் நடுங்கள்.

செத்துவிட்டதா?

ஃபைக்கஸ் என்றால் அவசரப்பட வேண்டாம். நுனிக்கிளை காய்ந்திருக்கும், கீழே கீறக்கீற ஓரிடத்தில் பச்சை வரும். அதற்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, மண் லேசான ஈரத்தில் இருக்கும்படி நிழலில் எட்டு வாரம் விடுங்கள். அடிமரத்திலிருந்தே துளிர்க்கும் குணம் அதற்கு உண்டு. பழைய உருவம் போய்விடும், புது உருவம் யோசிக்கலாம்.

ஜூனிபர் நேர்மாறு. அது செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். "நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சு, திடீர்னு பழுப்பாயிடுச்சு" என்பார்கள். வேர் ஒரு மாதம் முன்பே போயிருக்கும். இலையைத் தொட்டால் நொறுங்குகிறதா, வளைகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதுதான் வழி. வீட்டுக்குள் அது பிழைக்காது. குளிர்ந்த ஊர் மரம், ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் வாங்கட்டும். சென்னையில் நான் இரண்டு வாங்கி இரண்டையும் இழந்தேன்.

எங்கே கீறினாலும் பழுப்பு, எட்டு வாரமும் முடிந்தது என்றால் பிடுங்கிவிடுங்கள். சட்டியைத் தேய்த்துக் கழுவி மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் அடுத்த மரத்துக்கு ஆகும். அந்த மண்ணை மட்டும் இன்னொரு போன்சாய்க்குப் போடாதீர்கள்.